செல்வியின் வயது

அக்கா,

இன்று காலை சிஞ்ச்வட் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டாள். தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. "வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு" என்று என் அரைகுறை மராட்டியில் சொன்னேன். அப்புறம் எனக்கு மருந்து வாங்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கட்கி க்வார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த புதிது. என் கவிதாவுக்கு ஒரு வயது, நிற்காத வயிற்றோட்டம். பால், தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வயிற்றில் சிக்கியிருப்பதை ஊதி எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கிற தமிழம்மாவிடம் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வீட்டிலிருந்து வந்து நீங்கள் வாசலை மறித்தீர்கள்.

"தொக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு புள்ளைக்கு. ஒக்காரு."

"தண்ணி குடுத்தா இன்னும் போவுமே அக்கா!"

"போவட்டும். போனத நாம உள்ள ஊத்துவோம். தாய்ப்பாலயும் நிறுத்தாத."

காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்து, முதலில் உங்கள் வாயில் விட்டுப் பார்த்தீர்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாதாம். ரிக்ஷாவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினீர்கள். "செல்வி, வாயத் தொற கண்ணு" என்றீர்கள்.

கவிதா பிழைத்துக்கொண்டாள். டாக்டர் அதைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணு பேரையே மாத்திட்டீங்களே" என்று உங்களைக் கேலி செய்தேன்.

"செல்வி என் பொண்ணு. இருந்திருந்தா இவளுக்கு ரெண்டு வயசு மூத்தவ" என்றீர்கள். "அதே அம்மாகிட்டதான் தொக்கம் எடுத்தேன். தண்ணி, தண்ணின்னு கேட்டுச்சு. குடுக்கல."

உங்கள் வாசலை மறிக்க அன்று யாரும் வரவில்லை அக்கா. உங்கள் பிள்ளை போனதால்தான் என் பிள்ளை இருக்கிறாள் என்ற உறுத்தல் இன்றுவரை என்னை விடவில்லை. கவிதாவின் பிறந்தநாளுக்கெல்லாம் பாயசத்தோடு வருவீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, சமையலறையில் இல்லாத பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருமுறை கேட்டேவிட்டேன்: "எங்களப் பாத்தா கஷ்டமா இல்லியா?"

"இருக்கும். அதுக்காவ வராம இருப்பனா? பைத்தியம்" என்று கன்னத்தில் தட்டினீர்கள். அதற்குப் பிறகு இன்னும் கூசியது.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. கவிதா காலேஜில் சேர்ந்துவிட்டாள். யாராவது அவள் வயதைக் கேட்டால் சொல்லிவிட்டு, மனதுக்குள் இரண்டு கூட்டிக்கொள்கிறேன். செல்விக்கு இப்போது அவ்வளவு ஆகியிருக்கும். இத்தனை நாள் நீங்கள் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். இனி அவளுக்கு வயது ஏற வேண்டுமென்றால் நான்தான் கூட்ட வேண்டும்.