கதாநாயகிக்குக் கொடுத்த குரல்

மார்ச் 4
தயாரிப்பாளரின் மகளுக்கு இன்றும் நான்தான் குரல். அவள்தான் கதாநாயகி. படத்தில் ஏமாற்றப்பட்ட மனைவி. புருஷனுக்கு விஷம் வைக்கப் போகிறாள். என் வீட்டுக்காரர் அதே படத்தில் இணை இயக்குநர். "இது ஓடினா அடுத்த படத்துக்கு நான்தான் டைரக்டர்" என்று ஒரு வருடமாக வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்.

உதட்டசைவுக்குப் பொருந்திப் பேச, படப்பிடிப்பில் பதிவான ஒலியை எங்களுக்கு ஹெட்போனில் போடுவார்கள். இன்று ஒரு துண்டை வெட்ட மறந்துவிட்டார்கள். ‘கட்’ சொன்ன பிறகும் ஓடியது. என் வீட்டுக்காரரின் கிசுகிசுப்பு: "வாலு, பயப்படாத. நம்ம கல்யாணத்தப் பத்தி உங்கப்பாகிட்ட நான் பேசறேன்."

வாலு! என்னைக் கூப்பிடுகிற பேர். அவளுக்கென்று புதுசாக ஒன்று யோசிக்கக்கூடவா சோம்பேறித்தனம்?

ஒலிப்பதிவாளர் பட்டென்று நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "டீ சாப்பிட்டு வரலாம்மா" என்றார்.

மார்ச் 5
சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னான். போட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 9
கடைசிக் காட்சி. விஷம் கலந்த டம்ளரைப் புருஷனிடம் நீட்டியபடி மனைவி பேசுவது. மேற்பார்வைக்கு அவனே வந்து உட்கார்ந்தான். எத்தனை டேக் போயும் திருப்தி இல்லை.

"இன்னும் கோபம் வேணும்" என்றான்.

"தெரியாதவதான் கத்துவா. இவளுக்குத் தெரிஞ்சு போச்சு. உன் கதாநாயகியோட அப்பாகிட்ட எப்பக் கல்யாணம் பேசப் போற, வாலு?" என்றேன் மைக்கில்.

கண்ணாடிக்கு அப்பால் அவன் முகம் வெளுத்தது. ஒலிப்பதிவாளர் கூரையைப் பார்த்தார். அடுத்த டேக்கில் கத்தாமல் பேசினேன். ஓகே ஆனது.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் நமக்காகத்தான்" என்கிறான். அவன் பெரிய இடத்து மருமகனானால் நமக்கு நல்லதாம்! நாம் என்றால் யார் யார் — மூன்று பேரும் கூட்டுக் குடும்பமா? அவன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். சட்டைகளைக் கசக்கித்தான் வைத்தேன்.

மார்ச் 10
அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷம்டா, பாவி.

ஜூன் 12
படம் ஓடுகிறது! கூடவே வரவேண்டிய பெரிய படம் கடைசி நேரத்தில் தள்ளிப்போக, தியேட்டர் எல்லாம் இதற்குக் கிடைத்துவிட்டது. அவனுக்கு எங்கோ மச்சம். எல்லாரும் கதாநாயகியின் குரலைத்தான் கொண்டாடுகிறார்கள். திரையில் என் பெயரே கிடையாது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூன் 20
வந்தான். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு அவன் இயக்குநர், அவள் நாயகி. ஆனால் அதே குரல் இருந்தால்தான் பணம் போடுவேன் என்கிறாராம் அவள் அப்பா.

"நீ பேசலைன்னா படமே நின்னுடும். என் வாழ்க்கைடி இது."

"என் தொண்டைடா இது."

போன பிறகு கணக்குப் பார்த்தேன். வருகிற வேலையை உதறுவது எனக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது. அதனால் என்ன? பேச மாட்டேன்.

ஜூலை 3
படத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. மதியம் அவளே போன் செய்தாள். இவ்வளவு நாள் அவளுக்காகப் பேசியிருக்கிறேன், என்னோடு அவள் பேசியது இன்றுதான்.

"அக்கா... அப்பா படத்த நிறுத்தினதுலேருந்து அவர் என் போன எடுக்கல. அங்க வந்தாரா?"

"வரல. வந்தாலும் கதவு திறக்காது."

விசும்பினாள். அவன் கட்டிக்கொள்ள நினைத்தது தன்னையா, தன் அப்பாவின் படத்தையா என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"எனக்காக அவர்கிட்ட ஒரு தடவ பேசிப் பாக்கறீங்களா, அக்கா?"

"அதையும் நானேவா? நீயே பேசும்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன். நாளைக் காலை வேறொரு படத்துக்கு டப்பிங் இருக்கிறது.