தாய்மாமன் போட்ட டயர்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

என் மகள் ஷர்மினிக்கு சிம்பாங் பூலாய் கிளினிக்கில் வேலை கிடைத்ததற்கு, சுரேன் அண்ணன் தாய்மாமன் சீராக அவள் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் போட்டுக் கொடுத்தார். டயர் கடைக்காரர் ஆயிற்றே. கறுகறுவென்று மின்னின. குனோங் ராபாட் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டி வந்தாள் மகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

19 ஆகஸ்ட்

மழை. சிக்னலில் பிரேக் பிடித்தாளாம், பின்சக்கரம் வழுக்கி, கல் லாரிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

20 ஆகஸ்ட்

மோட்டாரைத் தேய்த்துக் கழுவினேன். டயரிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடியது. மினுக்கு எண்ணெய்! அது போனதும் பக்கமெல்லாம் வெடிப்பு, பித்தம் பிடித்த குதிகால் மாதிரி. நகம் பதியவில்லை. ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டிலே பிறந்தவள் நான், ரப்பர் செத்தது தெரியாமல் பிள்ளையை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். த்தூ.

என் வீட்டுக்காரர் தேவனிடம் காட்டினால், "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாப்பாங்களா? உங்கண்ணன் சீரு. சும்மா இரு லா" என்கிறார்.

சீருன்னா என்ன? எம்புள்ள மண்ட ஒடஞ்சா எந்தச் சீரு வந்து ஒட்ட வைக்கும்?

21 ஆகஸ்ட்

வேறு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆ செங், டயர் ஓரத்திலிருந்த நாலு எண்ணைத் தொட்டுக் காட்டினார். 1416. 2016-ஆம் வருஷம், பதினாலாவது வாரம் செய்தது. மேல் வரி தேயவே இல்லையே என்றேன்.

"ஓடலன்னாலும் டயர் கெழவன் ஆயிரும், அக்கா."

புதுசை நானே பார்த்து எடுத்தேன். இந்த வருஷத்து எண், மழைத்தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளம், நகம் பதிகிற ரப்பர். மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பழைய டயரை அண்ணன் கடை மேசையில் போட்டேன்.

"எனக்கே தெரியாது லா, கலா. நம்பரெல்லாம் எவன் பாக்குறான்? ஒங்க அண்ணிக்கும் இதே சரக்குதான் போட்டிருக்கேன்."

மினுக்கு எண்ணெயை யார் தடவியது? கேட்டேன். ஆள் வந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் — கூடப் பிறந்தவர். சொந்தப் பெண்டாட்டிக்கும் போட்டிருக்கிறாரே, தெரியாமல்தான் செய்திருப்பாரோ?

25 ஆகஸ்ட்

நவமணி அண்ணிக்குப் போன் போட்டு, டயரில் எண் எங்கே இருக்கும் என்று சொன்னேன். "உங்கண்ணன் அப்படிப்பட்டவரா கலா?" என்று வைத்துவிட்டார்.

26 ஆகஸ்ட்

போன் இல்லை.

28 ஆகஸ்ட்

அண்ணி கூப்பிட்டார். அவர் மோட்டாரிலும் 1416தான். வெடிப்பில் விரல் நகம் நுழைகிறதாம்.

"அவரு மோட்டாரையும் பாத்தேன், கலா." என்றார். "அதுல மட்டும் இந்த வருசத்து டயரு."

சீ. இவனும் ஒரு அண்ணன்!

"ஆ செங் கடைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார் அண்ணி. வழி சொன்னேன்.