பொன்னாடை போய்ச் சேர்ந்த தோள்

பான், ஜேர்மனி,
ஒக்டோபர் 14

அன்புள்ள மகன் சேயோனுக்கு,

முழங்காலைத் தவிர மற்றெல்லாம் எனக்குச் சுகம், மெல்பேணில் நீயும் மருமகளும் முழுச் சுகமாக இருக்க நல்லூரான் துணை. முதலில் பிள்ளைகளின் வெற்றிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் அக்கா பிறேமாவின் மூத்தவள் சாரங்காவுக்குப் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்துவிட்டது, சின்னவன் கிருபன் நீச்சல் பாஸ் பண்ணிக் கடற்குதிரைச் சின்னம் வாங்கினான், அதை அவனுடைய காற்சட்டையில் தலைகீழாகத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். உன்னுடைய மிதுசாவின் பேர் புத்தகத்தில் அச்சாகி வந்திருக்கிறது. இந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிடாதே ராசா.

டொக்டர் படிப்பை விட்டு இங்கே ஒரு பதிப்பகத்தில் வேலை பழகப் போனாள் என்று நீ எட்டு மாதமாக அவளோடு பேசவில்லை. கதைப்புத்தகம் சோறு போடுமோ என்று உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தானே, ஐந்தாம் வகுப்போடு நின்ற பேராசிரியை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதிய சிறுகதைகள், நாற்பது வருடமாக எந்தக் கடையிலும் இல்லாமல் கிடந்தவற்றை மிதுசா தேடியெடுத்து, முதலாளியம்மாவை விடாமல் அரித்து, ஜேர்மன் மொழியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்துவிட்டாள். கடைசிப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் அவளுடைய பேர், பூதக்கண்ணாடி வைத்து ஒன்பது தரம் பார்த்தேன்.

வெளியீட்டுக்கும் போனேன். எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்தாமல் அது என்ன வெளியீடு, காஞ்சிபுரம் உடுத்து, தமிழ்க்கடையில் பொன்னாடை வாங்கிப் புத்தகக்கடையின் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் கம்பீரமான ஒரு கறுப்பினப் பெண். எழும்பி, சபை பார்க்க அவவின் தோளில் போர்த்திக் கும்பிட்டும் விட்டேன், சனம் கைதட்டியது. மிதுசா ஓடிவந்து காதுக்குள், அப்பம்மா, எழுதினவ செத்து முப்பது வருசம், இவ கொலோனில மருந்துக்கடை வச்சிருக்கிறா, சும்மா கேக்க வந்தவ என்றாள். சேலையைக் கண்டதும் யோகா படிப்பிக்கிறீங்களோ என்று கேட்கிற ஆட்களை இந்த நாட்டில் இத்தனை வருடம் திட்டித் தீர்த்தவள் நான். அந்த மனுசியோ சிரித்து, இனி இதைத் திருப்பித் தர ஏலாது என்று இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டா.

பிறகு மிதுசா ஒரு கதை வாசித்தாள். ஒரு தகப்பன் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கோபித்துப் பிரிந்த மகளின் வாசல்வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பிவிடுகிறான். மரக்கறிக்கடையில் பேசிப் பழகிய என்னுடைய ஜேர்மன் மொழிக்கே அது விளங்கியது. அந்த இடத்தில் பிள்ளைக்குக் குரல் நின்றுவிட்டது, தண்ணீர் குடித்தாள். தொண்டை வறண்டுபோச்சு அப்பம்மா என்று பிறகு சொன்னாள், நானும் நம்பினதுபோல் இருந்தேன்.

புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன், நீ இங்கே படித்த ஜேர்மன் மறந்திருக்காது, அந்தக் கதையில் என் பஸ் ரிக்கற்றை வைத்திருக்கிறேன். அட்டையில் போட அந்த எழுத்தாளரின் படம் தேடி நாலு மாதம் அலைந்தார்களாம், கிடைத்தது இளவயதுப் படம் ஒன்றேயொன்று. மிதுசாவின் மேசையில் இருக்கும் உன் படத்திலும் உனக்குத் தலை நிறைய முடி. பிரஷர் குளிசையை விடாமல் போடு. நீயும் மிதுசாவும் நூறு வயது இருக்க வேண்டும். ஒரு புதுப்படம் எடுத்து, போனில் அல்ல, தபாலில் அனுப்பு. உறையில் என் பேரை எழுதாதே, அவளுடைய பேரை எழுது.

பொன்னாடைப் புகழ்
அம்மா குணேஸ்வரி