ஐந்தாம் வருஷப் பதக்கம்

கிழக்குத் தாம்பரம்
9.9.1991

கர்த்தருக்குள் பிரியமான எஸ்தருக்கு,

தோத்திரம். நான் சுகம். நீயும் பாப்பா பியூலாவும் கேளம்பாக்கத்தில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நீ வைத்த முருங்கை மாடி வரை வந்துவிட்டது. பறிக்கத்தான் ஆளில்லை.

குடியை விட்டு ஐந்து வருஷம் ஆனதற்கு, வருகிற இருபத்திரண்டாம் தேதி ஞாயிறன்று, குடியை மறந்தவர்கள் கூடும் நம் கூட்டத்தில் எனக்குப் பதக்கம் தருகிறார்கள். அதை வீட்டு ஆள் கையால் வாங்குவதுதான் அங்கே வழக்கம். நீ வந்து கொடு. ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் என்னைக் கும்பிடாத குறை. நீ மட்டும் ஈஸ்டரிலிருந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தலைகுனிய வைக்கிறாய். ஒரு சொட்டு தொட்டேனா? இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு?

தாவீது மச்சானுக்கு என் தோத்திரம்.

உன்
ஏசுபாதம்


கேளம்பாக்கம்
14.9.1991

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

தோத்திரம். கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு ஜுரம் வந்து இறங்கிவிட்டது. நான் வரவில்லை. கோபிக்க வேண்டாம். கோபிப்பீர்கள், தெரியும்.

குடியை விட்ட புதிதில் தினமும் வாசலில் நின்று, மோந்து பார் என்று என் முகத்தில் ஊதுவீர்கள். வாடையில்லை என்றதும் சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வரும். பிறகு பிறகு, குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். நான் அழுதால் கிட்டே வந்து ஊதுவீர்கள். "குடிச்சிட்டா பேசறேன்? மோந்து பாருடி." மோந்து பார்ப்பேன். வாடைதான் இல்லையே.

முன்பெல்லாம் நீங்கள் அடித்துவிட்டுத் தூங்கியதும் பாப்பாவிடம், அது அப்பா இல்லை, சாராயம் பேசுது என்பேன். அவளும் நம்பித் தூங்குவாள். ஈஸ்டர் அன்று பிரியாணி அண்டாவை உதைத்தீர்களே, அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப பேசறது யாரும்மா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் பையைத் தூக்கினேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எஸ்தர்


கிழக்குத் தாம்பரம்
25.9.1991

பிரியமான எஸ்தருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டிப் படித்தேன்.

ஞாயிறு அன்று, கூட்டத்தை நடத்தும் பொன்னுரங்கம் அண்ணன் என் பேரைக் கூப்பிட்டார். எழுந்து, பாப்பா கேட்டதைச் சொன்னேன். பதக்கம் வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே டீ வாங்கிக் கொடுத்து அண்ணன் சொன்னார்: "பாட்டிலக் கீழ வெச்சிட்ட. கோவத்த கையிலயே வெச்சுகினு கீறியே நைனா." அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். கூட்டத்துக்கு வந்துகொண்டே இரு என்கிறார். இத்தனை வருஷம் வந்ததற்கு இதுதானா பலன்? எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று எஸ்தர். குடிக்கவும் பிடிக்கவில்லை, குடிக்காமல் இருக்கவும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பழக்க தோஷம், பூட்டின கதவைப் பார்த்து ஊதினேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ வந்தால் மறுபடி தட்டு பறக்கும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. அங்கேயே இரு. மச்சான் இந்தப் பக்கம் வந்தால் முருங்கைக்காய் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு நீ பதில் தேட வேண்டாம். நான் சொன்னதாகச் சொல். பேசியது அப்பாதான்.

ஏசுபாதம்