மதில் தாண்டிய அந்தோணியார் சேவல்

கச்சிராயபாளையம்

அன்பு மகன் பிரிட்டோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். உன் கால் சுகமா? இதற்கு மேல் இதில் இனிப்பாக ஒன்றும் இருக்காது, தண்ணீர் குடித்துவிட்டுப் படி. உன்னோடு போனில் பேச எனக்கு இஷ்டமில்லை, அதனால்தான் லீவு முடிந்து சார்ஜா திரும்பும் கலையரசனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்தபோது, என் பிள்ளை எழுந்து நடக்கட்டும் என்று அந்தோணியாருக்கு நம் சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டேன். நேர்ந்த சேவலுக்கு ஓர் இறகுகூட வெட்டக் கூடாது, அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது, இதெல்லாம் உனக்குத் தெரியாதா? மற்ற கோழிகளுக்குப் பறக்காமலிருக்க இறக்கையை வெட்டினேன், அதை மட்டும் விட்டேன். திருவிழா நெருங்கும் நேரத்தில் அது முருங்கையில் ஏறி, மதிலைத் தாண்டி உன் சித்தி ஷைனி வீட்டுப் பக்கம் பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் வரவேயில்லை என்றாள். அவள் வீட்டில் கோழிக்குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் அடிக்கிறது, எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நாலு வார்த்தை கேட்டேன். உடனே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, தெருவே கூடி நிற்க நியாயம் கேட்டாள். நீ என்னடா சொன்னாய்? கோழி எங்கியாவது பறக்குமா சித்தி, எங்கம்மாவே வித்துட்டு உம்மேல பழி போடுது என்றாய். அட பாவி! உன் காலுக்கு நேர்ந்த சேவலை நான் விற்பேனா? ஐஸ் பெட்டியில் கிடக்கும் பிராய்லரைப் பார்த்துப் பார்த்து உனக்குப் புத்தியும் உறைந்துபோய்விட்டது.

மறுநாள் ஷைனி வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பொன்னுரங்கம் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். இன்னாக்கா, என் மாட்டுக் கொட்டா மேல குந்திக்கினு எறங்கவே மாட்டேங்குது, ஏணி போட்டா அடுத்த கூரைக்குப் பறக்குது என்றான். ஷைனி குழம்பில் கிடந்தது பிராய்லராம், இருக்கட்டும், அதற்காக நான் அவளிடம் போய்ப் பல்லிளிக்க மாட்டேன். சேவலைக் கோயிலில் விட்டு உன் நேர்ச்சையை முடித்தேன். பூசைக்குப் பிறகு ஏலம் விட்டார்கள், என்னை முறைத்துக்கொண்டே ஏலம் கேட்டு அவளே எடுத்தாள். அந்தோணியார் சேவல் என்று அவளும் இறக்கையை வெட்டவில்லை. இப்போது பொழுது சாய்ந்தால் அது மதிலைத் தாண்டி நம் முருங்கைக்கு வந்துவிடுகிறது. நேற்று மதிலருகே நின்று, யக்கா, என் சேவல மரியாதையா குடுத்துடு என்று கத்தினாள். பறந்து வந்ததடி என்றேன். கோழி பறக்காதுன்னு உன் புள்ளையே சொல்லிக்கிறானே, அப்ப நீ திருடிதானே என்கிறாள். தெருவே சிரிக்கிறது.

ஆகவே உடனே உன் சித்திக்குப் போன் போடு. ஸ்பீக்கரில் வைக்கச் சொல். கோழி பறக்கும், எங்கம்மா திருடி இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி நீ சொல். அதுவரை என் நம்பருக்கு அடிக்காதே, எடுக்க மாட்டேன். காலுக்கு எண்ணெய் தேய், மறுபடி சாரத்தில் ஏறாதே. அந்தோணியார் உன்னைக் காப்பாராக, எனக்குத்தான் இப்போது மனசு வரவில்லை.

உன்மேல் கோபம் ஆறாத அம்மா,
ஆனந்தமேரி

இதை எழுதும்போதும் சேவல் முருங்கை மேல்தான் இருக்கிறது. ஷைனி கதவைத் திறக்கிறாள். சீக்கிரம் போன் போடு.