மாதா காலடியில் வைக்காத முடிச்சு

றக்வான
2000 ஒக்டோபர்

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மழையில் மண் சரிந்து ரோட்டை மூடியதால் போன வாரம் பஸ் ஓடவில்லை, நீ அனுப்பிய படங்கள் அதனால்தான் தாமதமாகக் கிடைத்தன. நான் அங்கே உன்னிடம் வந்திருந்தபோது கொலோன் தேவாலயத்தில் எடுத்த எல்லாவற்றிலும் நான் அண்ணாந்துதான் நிற்கிறேன். கடவுளுக்கு இத்தனை உயரம் எதற்கு என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஆனால் தூண்கள் மேலே போய்க் கிளைகளாகப் பிரிந்து கூரையைத் தாங்குவதையும், வெளியே நிற்கும் கல் வளைவுகள் பாரத்தை வாங்கிக்கொள்வதால் சுவரையே கண்ணாடியாக்க முடிந்ததையும் நீ விளக்கியபோது அசந்துபோனேன். தரையில் விழுந்த நீலமும் சிவப்புமான வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்படியிருந்தும் அந்தப் படங்களை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. காரணத்தை உன்னிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டத்தில் கீழ் லயத்து வீட்டு வெள்ளையம்மாவை உனக்குத் தெரியும். கொழும்பில் கடையில் வேலை செய்த அவள் மகன் சுதாகரனைச் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் இன்னும் மறியல் சிறையில் வைத்திருக்கிறார்கள். நான் புறப்படும்போது அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்து, அங்க பெரிய மாதா கோயில் இருக்காமே டீச்சர், முடிச்ச அவுக்காம அவ காலடியில வச்சிருங்க, புள்ள வந்துருவான் என்றாள். நேர்த்தி என்று வந்தால் நம் ஆட்களுக்கு எந்தச் சாமியும் அந்நியமில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தும் வாங்கிக்கொண்டேன். நீ மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றியபோது என் கை பைக்குள் அந்த முடிச்சைப் பிடித்திருந்தது. பக்கத்தில் சிவப்பு அங்கி போட்ட காவலாளி நின்றார். அத்தனை பேர் முன்னால் அந்தக் கந்தலை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. மறுபடியும் கூரையைப் பார்த்தேன். அண்ணாந்து பார்ப்பது அப்போது வசதியாக இருந்தது.

திரும்பி வந்த அன்றே அவள் ஓடிவந்து வச்சிட்டீங்களா டீச்சர் என்று கேட்டாள். வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு அவள் மகன் வரப்போகிறான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு, அவனை வெளியே எடுக்கச் சட்டத்தரணியைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டாள். முடிச்சு ஏதும் செய்யும் என்று நான் நம்பவில்லை, ஆனால் என் பொய் கெடுதல் செய்துகொண்டிருந்தது. நேற்று அவளைக் கூப்பிட்டு முடிச்சைக் கையில் கொடுத்து, அதை வெளியே எடுக்க வெட்கப்பட்டதையும் மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, துணியவாச்சும் நான் தொவச்சுக் குடுத்திருக்கலாம் டீச்சர் என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்புறம் அவளே, நீங்க ஒருக்கா என்கூட மறியலுக்கு வாங்க, நான் கேட்டா யன்ன அம்மே, போம்மான்னு சிங்களத்துல வெரட்டுறாங்க, படிச்சவங்க கேட்டா நின்னு பதில் சொல்லுவாங்க, இதத்தான் மொதல்ல கேக்க நெனச்சேன், நீங்க பயப்புடுவீங்கன்னுதான் மாதாகிட்ட கேட்டேன் என்றாள். அவள் நினைத்தது சரி. அவனைப் பிடித்த நாளிலிருந்து, நம் பெயரும் எங்காவது பதிவாகிவிடும் என்ற பயத்தில் பாவம் பாவம் என்று சொன்னதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவளோடு கொழும்புக்குப் போகிறேன். அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. காதை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் காப்பார் என்று எழுத எனக்கு வராது, நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ வேண்டும் என்பதே என் ஆசி. அந்தப் புதன்கிழமை மட்டும் இங்கே போன் எடுத்துப் பேசாதே, அப்பா பதற்றத்தில் எதையாவது சொல்லி உன்னைப் பயமுறுத்துவார். வியாழன் எடு, வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா