மலையில் மறையும் பஸ்

செவ்வாய், இரவு.

சித்தேரி மலைப் பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் செயலியை நானும் மணிமேகலையும் சேர்ந்து எழுதுகிறோம். சிக்னல் போனால் பஸ் எங்கிருக்கும் என்று ஊகிக்க, நான் பக்கம் பக்கமாக நிரல் எழுதியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். இன்று அவள் அதற்குப் பதிலாக நாலே வரி எழுதிக் காட்டினாள். சிக்னல் இல்லையென்றால், பஸ் கடைசியாகத் தென்பட்ட இடம் மட்டும் திரையில் நிற்கும்.

“இவ்ளோதானாங்க?” என்றேன்.

“நமக்கே தெரியாததை எதுக்குங்க தெரிஞ்ச மாதிரி காட்டோணும்?”

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. இப்படி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இது அழகு என்று கண்ணுக்குத் தெரிகிறதே, போன வருடம் அதுகூடத் தெரிந்திருக்காது.

என் பக்கங்களை நானே அழித்தேன். கை கூசவில்லை.